டார்ச் வாங்கப் போன புதன்கிழமை

இருட்டில் மிளகு பார்ப்பது என் உத்தியோகம். ஐம்பதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு குஜராத்தி சேட்டின் கிடங்கில் சேர்ந்திருந்தேன். மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாகக் கூரையைத் தொடும் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். தீப்பிடிக்கும் என்ற பயத்தில் கிடங்குக்குள் அரிக்கேன் விளக்குக் கூடாது. மின்சாரக் கம்பியோ முன்பக்கத்து ஆபீஸ் அறையோடு நின்றுவிட்டது. முதல் இரண்டு வரிசைகளுக்கு வாசல் வெளிச்சம் வரும். அதற்கு அப்பால் உச்சி வெயில் நேரத்திலும் நம் கை நமக்குத் தெரியாது. அந்த இடுக்குகளில் புகுந்து, குத்தூசியால் மூட்டையைக் குத்தி, உள்ளங்கையில் விழும் மிளகில் ஈரம் இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்.

எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன, இரண்டு பாட்டரிக் கட்டை போடும் ஒரு பழைய டார்ச் இருந்தது. அதைப் பொருத்தினால் அது எரிகிறதா என்று பார்க்க இன்னொரு டார்ச் தேவைப்படும். ஆகவே நான் கைத்தடவலிலேயே காலம் தள்ளினேன். ஒரு நாள் ஐந்தாம் வரிசையில் சாக்கின் மூலை என்று நினைத்து ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அங்கே படுத்திருந்த ஒரு சுமை தூக்குகிறவரின் காது. அவர் போட்ட சத்தத்தில் படகுத்துறையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அதைக்கூட சேட்டு மன்னித்தார். நான் தடவிப் பார்த்து 'நல்ல சரக்கு' என்று எழுதிக் கொடுத்த ஒரு வரிசை முழுக்க வெள்ளை பூத்திருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கத்தவில்லை. ஒரு பிடி பூஞ்சை மிளகைக் காகிதத்தில் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"சாமி, பாக்கறது கண்ணால. எழுதறது கையால. நீங்க ரெண்டையும் கையாலே செய்யறீங்க," என்றார். "நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம். நல்ல வெளிச்சமா ஒரு டார்ச் வாங்கிக்குங்க. தினமும் உங்க கூடவே இருக்கணும்."

அன்று மாலை இதை வீட்டில் சொன்னேன். 'சொன்னேன்' என்றால் இரண்டு தடவை சொன்னேன். அப்போது எங்கள் வீட்டில் அம்மாவும் என் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. மூன்று மாதமாயிற்று. காப்பிப் பொடியில் ஆரம்பித்த சண்டை. அப்பா போய் நாலு வருஷம். அம்மா, மனைவி, நான் என்று மூன்றே பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் பேசாவிட்டால் மூன்றாமவன் என்ன ஆவான்? சாப்பிட உட்கார்ந்தால் அம்மா என்னைப் பார்த்து, "ரசத்துல உப்பு ஜாஸ்தின்னு உன் ஆத்துக்காரி கிட்ட சொல்லு" என்பாள். மனைவி கரண்டியோடு என் தோளுக்குப் பின்னால் நின்றிருப்பாள். நான் திரும்பி, "உப்பு ஜாஸ்தியாம்" என்பேன். "மோரை விட்டுக்கச் சொல்லுங்கோ உங்கம்மாவை," என்பாள் அவள். நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவேன். மூன்று மாதத்தில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதே தவிர வேறு பலன் இல்லை.

டார்ச் விஷயத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை, "நாளைக்குப் புதன்கிழமையா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "எத்தனை மணிக்குப் போறே?" என்றாள் அம்மா. "எந்தப் பக்கம் போறேள்?" என்றாள் மனைவி. என்மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் யாரும் தனியாகப் போய் எதையும் வாங்கிவிட முடியாது. என் அக்காவின் கணவர் எர்ணாகுளம் கோர்ட்டில் குமாஸ்தா. குடையோ கொடுவாளோ, அத்திம்பேர் பார்த்துச் சம்மதித்தால்தான் அது வீட்டுக்குள் வரும். நான் ஆபீஸ் போனிலிருந்து சொன்ன உடனே அவர் வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் படகேறி மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டார். அக்காவிடம் கோர்ட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

"டார்ச்னா என்னன்னு நெனச்சே?" என்று துறையிலிருந்தே ஆரம்பித்தார். "தூரம் ஒண்ணு, பரப்பு ஒண்ணு. ஒண்ணு கெடச்சா மத்தது போயிடும். கேட்டியோ? அதையும் பாக்கணும், தூக்கிண்டு நடக்கவும் முடியணும்."

பஜாரில் ராவுத்தர் ஒருவர் கடை வைத்திருந்தார். அரிக்கேன், பூட்டு, கத்தரிக்கோல், டார்ச், ஸ்டவ் ஊசி எல்லாம் கிடைக்கும். சாந்தமான மனிதர். எங்களைப் பார்த்ததும் கண்ணாடி அலமாரியிலிருந்து டார்ச்சுகளை எடுத்து வரிசையாக நிற்க வைத்தார். இரண்டு கட்டை, மூன்று கட்டை, கடைசியில் ஐந்து கட்டை. ஐந்து கட்டை டார்ச் முழங்கை நீளம் இருந்தது. அத்திம்பேர் நேராக அதைத்தான் எடுத்தார்.

"இதை ஜேபில வெச்சுக்கோ," என்றார்.

வைத்தேன். சட்டையின் ஒரு பக்கம் தொடை வரை இறங்கியது. "மடில சொருகிக்கோ," என்றார். சொருகினேன். நாலடி நடப்பதற்குள் வேட்டி என்னைவிட்டுப் பிரியப் பார்த்தது. ராவுத்தர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "அது காட்டுக்குப் போறவங்க வாங்கறது சாமி," என்றார் மெதுவாக.

மூன்று கட்டை டார்ச்சுகளில் இரண்டு மிஞ்சின. ஒன்று பித்தளை, நல்ல கனம், தங்கம் மாதிரி பளபளப்பு. இன்னொன்று வெள்ளைத் தகரம். தலை கொஞ்சம் அகலம், உடம்பு முழுக்க வரி வரியாக இருக்கும். பார்வைக்குப் பித்தளைதான் அழகு. அத்திம்பேர் இரண்டையும் பொருத்தித் தெருப்பக்கம் காட்டினார். காலை பதினோரு மணி வெயில். இரண்டும் எரிகிறது என்பதற்கு ராவுத்தரின் வாக்கைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"ராவுத்தரே, இருட்டு வேணுமே," என்றார் அத்திம்பேர்.

"இருட்டு கடையில இல்லை சாமி. சாயங்காலம் வந்தா கிடைக்கும்."

"சாயங்காலம் நான் எர்ணாகுளத்துல இருக்கணும். இங்க எங்கயாவது இருட்டு உண்டோ?"

ராவுத்தர் யோசித்து, கடைக் கதவின் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார். உள்ளே நாங்கள் மூவரும், மண்ணெண்ணெய் வாங்க வந்த ஒரு அம்மாளும் மாட்டிக்கொண்டோம். பலகை இடுக்குகளில் வெயில் பட்டைபட்டையாக வந்தது. அந்த அம்மாள் தன்னைக் கடத்தப் போகிறார்கள் என்று மலையாளத்தில் கத்த ஆரம்பித்ததால் பலகைகள் எல்லாம் திரும்ப எடுக்கப்பட்டன. அடுத்து ஒரு காலி சாக்கைக் கொண்டுவந்தார். அதற்குள் தலையை விட்டுக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சாக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் முன்பு வத்தல் மிளகாய் இருந்திருக்கிறது. கால் மணி நேரம் நான் தும்மினேன். அத்திம்பேர் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "தூரம் தெரியலையே, தூரம் தெரியலையே," என்று கவலைப்பட்டார்.

உங்கள் கிடங்கிலேயே போய்ப் பார்க்கலாமே என்று ராவுத்தர் சொன்னார். சரியான யோசனைதான். ஆனால் காதுக்காரர் அங்கே இருப்பார். அவர் முன்னால் அத்திம்பேரோடு போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அப்போதுதான் அத்திம்பேருக்கு அந்த எண்ணம் வந்தது.

"டேய், பகல்ல டார்ச்சால பொழைக்கறவன் யாரு? சினிமாக் கொட்டகைல சீட்டு காட்டறவன். அவனை விட டார்ச் தெரிஞ்சவன் இந்த ஊர்ல யாருடா இருக்கான்?"

ராவுத்தர் எங்களை நம்பி இரண்டு டார்ச்சையும் பாட்டரியோடு கொடுத்தனுப்பினார். இப்போது நினைத்தால் அந்த மனிதருக்கு எவ்வளவு பொறுமை என்று தோன்றுகிறது. சாயா குடித்துவிட்டு, மத்தியானக் காட்சி ஆரம்பித்த பிறகு கொட்டகைக்குப் போனோம். மாமியார் ஒருத்தி மருமகளைப் பாடாய்ப் படுத்தும் ஒரு தமிழ்ப் படம் நாலாவது வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. இருக்கை காட்டுகிறவர் பக்கத்து ஊரான பள்ளுருத்திக்காரர். முக்கால் மலையாளம், கால் தமிழ். அத்திம்பேர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அவ்வளவு காலத்தில் அவர் தொழிலைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை போலும்.

"வரூ சாரே, பின்னாடி நின்னு பாக்கலாம். பக்ஷே தரையில மாத்திரம் அடிக்கணும். மேல அடிச்சா ஆளுங்க என்னைக் கொல்லும்."

அவரே முதலில் தன் டார்ச்சைக் காட்டினார். கால் விரல் தெரியும் அளவுக்கு ஒரு மஞ்சள் வெளிச்சம். பிறகு அத்திம்பேர் பித்தளையைத் தரையில் அடித்தார். வெள்ளை வட்டம் விழுந்தது. "கொள்ளாம், நல்லா இருக்கு," என்றார் பள்ளுருத்திக்காரர், கொஞ்சம் பொறாமையோடு. எனக்கு அதுவே போதும். ஆனால் அத்திம்பேர் தூரம் பார்க்க வந்தவர். தரையில் அடித்தால் தூரம் எப்படித் தெரியும்? பித்தளையை மெல்லத் தூக்கினார். வெளிச்சம் நாற்காலிகளின் முதுகில் ஏறி, தலைகளின் மேல் ஓடி, பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் போய் நின்றது.

அங்கே ஒரு வெள்ளை முக்காடு தெரிந்தது. அதன் தோளில் ஒரு கொண்டை சாய்ந்திருந்தது. கொண்டையில் அன்று காலை நான் வாங்கிக் கொடுத்த பிச்சிப்பூ.

"டேய்," என்றார் அத்திம்பேர், "அது என் மாமியார் மாதிரி இல்லை?"

பித்தளை சரியாகக் காட்டவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் கையிலிருந்த வெள்ளைத் தகரத்தைப் பிடுங்கி அதே இடத்தில் அடித்தார். இந்தத் தடவை இரண்டு பேரும் திரும்பினார்கள். முழு வெளிச்சத்தில் என் தாயார். கன்னம் நனைந்திருந்தது. பக்கத்தில் என் மனைவி. அவள் கன்னமும் நனைந்திருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே கடலைப் பொட்டலம். அம்மா தன் தலைப்பால் மருமகளின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

கொட்டகை முழுக்க விசில். "எந்தாடா அது!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பள்ளுருத்திக்காரர் எங்கள் இருவரையும் கழுத்தைப் பிடித்து, ஆனால் மரியாதையாக, "சாரே, போய்க்கோ சாரே, போய்க்கோ," என்று வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வெயிலில் நின்றபோது எனக்குக் கண் கூசியது. அத்திம்பேர் மட்டும் யோசனையில் இருந்தார்.

"அவா ரெண்டு பேரும் பேசிக்கறதில்லேன்னு சொன்னியே?"

"பேசிக்கறதில்லை அத்திம்பேர். சத்தியமா."

இரண்டு டார்ச்சோடும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். நாலரைக்கு அம்மா தெருவின் கிழக்குக் கோடியிலிருந்து, பக்தியான முகத்தோடு, கையில் விபூதிப் பொட்டலத்துடன் வந்தாள். புதன்கிழமைகளில் அவள் ஒரு வீட்டில் புராணம் கேட்கப் போவதாக ஏற்பாடு. ஐந்து நிமிஷம் கழித்து மேற்குக் கோடியிலிருந்து மனைவி வந்தாள். அவள் ஒரு கொங்கணி அம்மாளிடம் தையல் கற்கப் போவதாக ஏற்பாடு. வந்தவள் கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் எதிரே நின்று எங்களைப் பார்த்த பார்வையில், சினிமாவுக்குப் போய் அகப்பட்டது நாங்கள்தான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

"மொகத்துல அடிக்கறதோ?" என்றாள் அம்மா. "நல்ல கட்டத்துல! அந்தப் பொண்ணு கெணத்துக்கிட்ட போயிண்டிருக்கா. குதிச்சாளா இல்லையான்னு பாக்க விட்டேளா?"

"குதிக்கலை அம்மா," என்றாள் மனைவி. "அவன் வந்து பிடிச்சுண்டுட்டான். நீங்க இவாளைப் பாத்துண்டிருந்தேள்."

மூன்று மாதத்தில் என் காதில் விழுந்த முதல் நேர்ப் பேச்சு அது.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. காப்பிப் பொடிச் சண்டை நிஜமான சண்டைதான். ஆனால் ஒரே வாரத்தில் ஓய்ந்துவிட்டது. அந்த ஒரு வாரத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியிருந்தது. அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே சினிமா ஆசை. அப்பா இருந்தவரை அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவர் போன பிறகு தெரு விடவில்லை. வெள்ளைப் புடவை கட்டியவள் கொட்டகை வாசலில் நின்றால் அன்றைக்கே எர்ணாகுளம் வரை தெரிந்துவிடும். மாமியாரும் மருமகளும் ஜென்மப் பகை என்று ஊரே நம்பினால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இல்லாததை யார் சேர்த்துப் பார்க்கப் போகிறார்கள்? இது என் மனைவியின் யோசனை. அவளுக்கு அப்போது இருபது வயது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே," என்றேன். "கழுத்து போச்சு எனக்கு."

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சியே சொல்லிடும்," என்றாள் மனைவி. அம்மா தலையாட்டினாள்.

அம்மா அத்திம்பேர் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, இன்னிக்குக் கோர்ட்டு உண்டோ?" என்று கேட்டாள். அத்திம்பேர் எழுந்து நின்றுவிட்டார். வயிற்றுவலி, லீவு, அக்காவிடம் சொன்னது எல்லாம் அவர் முகத்தில் ஓடியது. "நான் எதையும் பாக்கலை," என்றார். "நானும்தான்," என்றாள் அம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

பித்தளையா தகரமா என்ற கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அத்திம்பேர் பித்தளை பக்கம். அதன் கனமே அதன் தரம் என்றார். அம்மா இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"மொதல்ல அடிச்சது எது?"

"பித்தளை."

"அதுல நடுவுல கருப்பா ஒரு வட்டம். கடலைத் தோல் எது, பருப்பு எதுன்னு தெரியலை. ரெண்டாவது அடிச்சது மொகத்துல வெள்ளையடிச்ச மாதிரி இருந்தது. இவ கண்ணுல மை கலைஞ்சது கூட எனக்குத் தெரிஞ்சது. ரெண்டாவதை மேடிச்சுக்கோ."

எங்கள் பக்கத்தில் வாங்குவதற்கு மேடிப்பது என்றுதான் சொல்வோம். மறுநாள் காலை ராவுத்தரிடம் பித்தளையைத் திருப்பிக் கொடுத்து வெள்ளைத் தகரத்தை மேடித்தேன். எதனால் இந்த முடிவு என்று கேட்டார். நன்றாக விசாரித்தேன் என்றேன்.

அம்மா சொன்னது சரிதான். கிடங்கின் கடைசி வரிசையில் அதை அடித்தபோது மிளகின் சுருக்கம்கூடத் தெரிந்தது. ஈர மூட்டைகளை முதல் வாரத்திலேயே நான் பிரித்து வெளியே போட்டுவிட்டேன். சேட்டு ஒரு பிடி மிளகை முகர்ந்து பார்த்து, "இப்ப கண்ணு வந்துடுச்சு," என்றார். காதுக்காரர் மட்டும் மத்தியானத் தூக்கத்தை வேறு கிடங்குக்கு மாற்றிக்கொண்டார். முன்பு கையால் மட்டும் எழுப்பினேன், இப்போது வெளிச்சத்தாலும் எழுப்புகிறேன் என்பது அவர் புகார்.

தூக்கிக்கொண்டு நடப்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் வாசலில் அந்த டார்ச் மடியிலிருந்து நழுவி என் கால் கட்டைவிரலில் விழுந்ததை எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டாள். "உன் ஆம்படையா தான் மூணு மாசமா தையல் படிக்கறாளே, ஒரு உறை தெச்சுத் தரப்படாதோ?" என்று கேட்டாள். மனைவி உள்ளேயிருந்து, "தெச்சிண்டே இருக்கேன் மாமி," என்று குரல் கொடுத்தாள். ஊசியில் நூல் கோக்கக்கூட அவளுக்குத் தெரியாது. அம்மாவும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் போராடினார்கள். வந்தது ஒரு காக்கித் துணிப் பை. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். தோள் வார் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது. அதில் டார்ச்சை வைத்தால் எப்போதும் பின்பக்கமாகத் திரும்பி, எனக்குப் பின்னால் வருகிறவரைக் குறிவைக்கும். எதிர்வீட்டு மாமி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு மாசமா?" என்றாள்.

தையல் வகுப்பு என்கிற சாக்கு அன்றைக்கே செத்தது. அடுத்த மழைக்காலத்தில் சண்டையும் செத்தது. கிணற்றடிப் பாசியில் அம்மா வழுக்கினாள், மனைவி "அம்மா!" என்று கூவிக்கொண்டு ஓடிப் பிடித்ததைத் தெருவே பார்த்துவிட்டது. நாலு வீட்டு மாமிகள் வந்து, சமாதானம் ஆனதற்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அம்மா சிரித்த முகத்தோடு பரிமாறினாள். அவர்கள் போனதும் இடிந்துபோய் உட்கார்ந்தாள்.

"இனிமே எப்படிடீ போறது?" என்றாள்.

மனைவி என் டார்ச்சைப் பார்த்தாள்.

அடுத்த வாரமே தெருவில் ஒரு செய்தி. நான் கவனமில்லாமல் அந்தப் பெரிய டார்ச்சை அம்மாவின் முகத்தில் அடித்துவிட்டேனாம். அடித்த ஆளைத் தவிர அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதால் என்னாலும் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்குக் கண்ணில் ஒரு கூச்சமாம். புதன்கிழமை தோறும் மத்தியானம் எர்ணாகுளத்தில் கண் வைத்தியரிடம் போக வேண்டும். துணைக்கு மருமகள் போகிறாள். திரும்பி வரும்போது அம்மாவின் கண் உண்மையிலேயே சிவந்திருக்கும். அந்தக் காலத்துப் படங்கள் அப்படி.

எதிர்வீட்டு மாமி இரண்டு வாரம் அந்தக் கண்களை உன்னிப்பாகக் கவனித்தாள். மூன்றாம் வாரம் அவளே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் காதோடு ஏதோ கேட்டாள். அம்மா என் மனைவியைப் பார்த்தாள். மனைவி மெல்லத் தலையாட்டினாள். அந்த வருஷக் கடைசியில் எங்கள் தெருவில் ஐந்து பெண்களுக்குக் கண் கோளாறு.

ஒரு நாள் சாயங்காலம் நான் வேலையிலிருந்து வரும்போது எதிர்வீட்டு மாமா என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டார். டார்ச் பைக்குள்தான் இருந்தது.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலை," என்றார். "அதுல கொஞ்சம் சின்ன பல்பாப் போட்டுக்கப்படாதோ? எங்காத்துல கூட இப்போ அவளுக்குப் பார்வை சீத்தையா ஆயிடுத்து, ஒண்ணும் சரியாத் தெரியலையாம்."

போட்டுக்கொள்கிறேன் மாமா, என்றேன்.